பால் பாக்கெட்டில் இருக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒயின்: லூயி பாஸ்டரும் ஆர்புவா ஊரும்

வெள்ளகோவில், மூலனூர் பக்கம் பனையேறுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது தெளுவு. தடவாமல் கட்டினால் இறங்கும்போதே அது கள். அந்தக் கள்ளையும் ஒன்றிரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டால் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மரம் அதே மரம், பாளை அதே பாளை. அந்தக் கொஞ்சூண்டு சுண்ணாம்பு எதைத் தடுத்தது?

சுமார் 160 வருடங்களுக்கு முன்பு, பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில், ஒயின் பீப்பாய்களைப் பார்த்து ஒருவர் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டார். அவர் லூயி பாஸ்டர். பால் பாக்கெட்டில் பாஸ்டுரைஸ்டு என்று அச்சடித்திருப்பது அவர் பெயரைத்தான். அதனால் அவர் பாலைக் காய்ச்சி ஆராய்ச்சி செய்தவர் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த முறைக்காக அவர் சூடாக்கியது ஒயின், அதிலும் முக்கியமாக நல்ல கனமான சிவப்பு ஒயின். பால் இந்தக் கதைக்குள் வந்தது ரொம்பப் பின்னால்.

வெறிநாய்க்கடி ஊசி வரைக்கும் போன அந்த வாழ்க்கையில், திரும்பத் திரும்ப வருவது ஆர்புவா என்ற ஒரே ஒயின் ஊர்தான்.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27ல், கிழக்கு பிரான்ஸில் ஜூரா மலைப் பக்கம் உள்ள டோல் என்ற ஊரில். அப்பா ழான்-ஜோசப், நெப்போலியன் படையில் சண்டை போட்டுவிட்டு வந்து தோல் பதனிடும் தொழில் செய்தவர். லூயி சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பம் ஆர்புவாவுக்குக் குடிபெயர்ந்தது. குய்சான்ஸ் ஆற்றின் கரையில் வீடு. கீழே தோல் தொட்டிகள், மேலே குடித்தனம். வீட்டைவிட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் திராட்சைத் தோட்டம்.

பள்ளியில் அவர் முதல் வரிசை மாணவர் இல்லை. படம் வரைவதில்தான் ஆர்வம். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று அவர் வண்ணச் சுண்ணங்களால் வரைந்த முகங்கள் இன்றும் இருக்கின்றன. 1838ல் படிப்புக்காக பாரிஸுக்கு அனுப்பினார்கள். ஊர் ஏக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டார். பிறகு மறுபடி போய், 1843ல் பாரிஸின் பெரிய கல்வி நிறுவனமான எக்கோல் நார்மலில் சேர்ந்தார்.

இங்கே அப்பாவின் தொழிலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் அன்று தோலைப் பதனிட ஓக் மரப்பட்டையைப் பயன்படுத்தினார்கள். நம் பக்கம் ஆவாரம் பட்டை. இரண்டிலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புப் பொருள். ஆங்கிலத்தில் தோல் பதனிடுவதற்கான சொல்லும் டானின் என்ற சொல்லும் ஒரே குடும்பம். சிவப்பு ஒயினுக்குக் கனம் தருவதும் இதே டானின்தான்.

கனமான ஒயின் என்றால் என்ன?

கறுப்புத் திராட்சையைத் தோலை எடுத்துவிட்டுப் பிழிந்தால், பெரும்பாலான ரகங்களில் சாறு வெளிறித்தான் இருக்கும். நிறம் இருப்பது தோலில். சிவப்பு ஒயினுக்கு தோலையும் விதையையும் சாற்றோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். அப்போது தோலில் இருந்து நிறமும், தோல், விதை இரண்டிலும் இருந்து டானினும் இறங்குகின்றன.

நாவல் பழம் தின்றதும் நாக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வறண்ட மாதிரி ஆகுமே, அதுதான் டானின். இந்தத் துவர்ப்பும் கொஞ்சம் கூடுதலான ஆல்கஹாலும் சேர்ந்தால் ஒயின் தண்ணீர் மாதிரி வழுக்கிப் போகாது, வாயில் ஒரு எடை தெரியும். ஒயின் தெரிந்தவர்கள் உடல் கனம் என்று சொல்வது இதைத்தான். தண்ணிப் பாலுக்கும் எருமைப் பாலுக்கும் நாக்கில் தெரிகிற வித்தியாசம் மாதிரி.

ஆர்புவாவில் மூன்று சிவப்பு ரகங்கள் முக்கியம். பூல்சார் மெல்லிய தோல்காரி. ஒயின் வெளிறிய சிவப்பாகத்தான் வரும். பினோ நுவார் பக்கத்து புர்கோன் பகுதியில் இருந்து வந்தது. மூன்றாவது ட்ரூசோ. ஜூராவின் சொந்த ரகங்களில் கனமான சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் அது இதில்தான் கிடைக்கும். கொஞ்சம் குளிர்ப் பிரதேசம் என்பதால் அங்கே ட்ரூசோ எல்லா இடத்திலும் பழுக்காது. சூடு பிடிக்கிற, சரளை கலந்த சரிவு பார்த்துத்தான் நடுகிறார்கள். மற்ற இடங்களில் சுண்ணாம்புக்கல்லும், நீலச் சாம்பல் நிறக் களிமண் கலந்த மண்ணும். போர்ச்சுகலில் இதே ட்ரூசோவை பாஸ்டார்டோ என்று சொல்லி, போர்ட் என்ற இனிப்பு ஒயினில் சேர்க்கிறார்கள். வெயில் மாறினால் குணமும் மாறும்.

பாஸ்டர் காலத்தில் இந்தக் குணத்துக்கெல்லாம் சொன்ன காரணம் மண், வெயில், ரகம், செய்பவரின் கை. இதில் உயிருள்ள இன்னொரு பங்காளியும் இருக்கிறது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

பீப்பாய் அடியில் கிடைத்த முதல் வெற்றி

அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பே ஒயின் பீப்பாயில் இருந்துதான் வந்தது. பீப்பாய்களின் உள்சுவரில் படிகிற உப்பில் இருந்து டார்டாரிக் அமிலம் எடுப்பார்கள். அதைப் போலவே எடை, கலவை எல்லாம் ஒன்றாக இருக்கும் இன்னொரு அமிலமும் இருந்தது. ஆனால் ஒளியை அதன் வழியே செலுத்தினால் இரண்டும் வேறுவேறாக நடந்துகொண்டன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

1848ல், 25 வயதில், பாஸ்டர் அந்த இரண்டாவது அமிலத்தின் உப்புப் படிகங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வலது கை, இடது கை போல, ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இன்னொன்று. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது, இன்னொன்று இடப்பக்கம். மூத்த விஞ்ஞானி பியோ நம்பாமல், தன் கண் முன்னால் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். பாஸ்டர் செய்துகாட்டினார். ஒரு மருந்து மூலக்கூறின் வலக்கை வடிவம் வேலை செய்து இடக்கை வடிவம் கெடுதல் செய்யலாம் என்று இன்று மருந்து கம்பெனிகள் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலைக்கு ஆரம்பம் அதுதான்.

அடுத்த ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்கில் வேலை, அங்கேயே மாரி லோரானுடன் திருமணம். கணவர் சொல்லச் சொல்ல எழுதியது, பரிசோதனைகளைக் கவனித்தது என்று அந்த ஆய்வுகளில் மாரிக்கு இருந்த பங்கு பெரியது. தலைப்பில் அவர் பெயர் வரவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

1854ல் லீல் நகரில் பேராசிரியர். அங்கே பீட்ரூட்டில் இருந்து ஆல்கஹால் தயாரிக்கும் ஆலைக்காரர் ஒருவர், சில தொட்டிகள் மட்டும் ஏன் புளித்துக் கெடுகின்றன என்று கேட்டு வந்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட், கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறொன்று. நொதித்தல் என்பது வெறும் வேதியியல் சிதைவு என்று ஜெர்மனியின் லீபிக் போன்ற பெரிய தலைகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, இது உயிர்கள் செய்யும் வேலை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தனி உயிர் என்று 1857ல் இருந்து பாஸ்டர் எழுத ஆரம்பித்தார்.

தெளுவுக் கலயத்தில் நடப்பதும் இதுதான். பாளையில் சொட்டும் சாறு இனிப்பு. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கினால் கள். பின்னாலேயே வரும் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அமிலமாக்கினால் காடி. சுண்ணாம்பின் காரத்தன்மையில் இந்தக் கும்பல் பெருக முடியாது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் திறந்த 20 குடுவைகள்

1859 செப்டம்பரில் மூத்த மகள் ஜான், 9 வயதில், ஆர்புவாவில் டைபாய்டு வந்து இறந்தாள். அடுத்த ஆண்டு பாஸ்டர் மறுபடி ஆர்புவாவில் இருந்தார், கையில் கண்ணாடிக் குடுவைகளோடு.

அன்றைய சண்டை இது: அழுகும் பொருளில் வரும் நுண்ணுயிர் தானாகவே பிறக்கிறதா, வெளியே இருந்து வருகிறதா? கொதிக்க வைத்து மூடிய குழம்பு நிரம்பிய 20 குடுவைகளை ஆர்புவா தோட்டவெளியில் திறந்து மறுபடி மூடினார். 8 கெட்டுப்போயின. ஜூராவின் உயரமான மேட்டில் திறந்த 20ல் 5. ஆல்ப்ஸ் பனியாற்றுக்குப் பக்கத்தில் திறந்த 20ல் ஒன்றே ஒன்று. காற்று எல்லா இடத்திலும் காற்றுதான். அதில் மிதக்கும் தூசும் உயிரும்தான் குறைந்துகொண்டே போயின. தானாகப் பிறப்பதாக இருந்தால் மலை உச்சியில் மட்டும் ஏன் பிறக்க மறுக்க வேண்டும்?

காபிக் கடையில் ஆய்வகம்

1860ல் பிரான்ஸும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தம் போட்டதும் பிரெஞ்சு ஒயின் ஏற்றுமதி சூடுபிடித்தது. கூடவே புகாரும் வந்தது. கப்பலில் போய் இறங்கும்போது ஒயின் கெட்டிருந்தது. சிலது புளிப்பு, சிலது எண்ணெய் மாதிரி வழவழப்பு, சிலது கலங்கல். புர்கோனின் விலை உயர்ந்த போமார், வோல்னே சிவப்பு ஒயின்களில் பல வருடம் கழித்து ஒரு கசப்பு. 1863ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இந்தப் பொறுப்பை பாஸ்டரிடம் கொடுத்தார்.

பாஸ்டர் பாரிஸில் உட்காரவில்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே போனார். ஆர்புவாவில் ஒரு பழைய காபிக் கடையைப் பிடித்து ஆய்வகமாக்கினார்கள். கருவிகளைச் செய்துகொடுத்தவர்கள் ஊர்த் தச்சரும் தகரக்காரரும். பழைய கடைப் பலகையை எடுக்காமல் விட்டதில் சில பேர் உள்ளே நுழைந்து குடிக்கக் கேட்டார்களாம். உள்ளே குடுவைகளையும் நுண்ணோக்கியையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள் பாவம்.

வேலை நடந்தது ஊர்க்காரர்களின் நிலவறைகளில். சின்ன வயது நண்பர்களின் பீப்பாய்களில் இருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒவ்வொரு கெடுதலுக்கும் அதற்கென்று ஒரு உருவம். புளித்ததில் ஒன்று, வழவழப்பில் மணி கோத்த மாதிரி இன்னொன்று, கசந்ததில் கிளைவிட்ட இழைகள். கடைசியில் ருசி பார்க்காமலே, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து, இந்த ஒயினுக்கு இன்ன நோய் என்று சொல்ல முடிந்தது.

அந்தக் கசப்பு நோய் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. அது வெள்ளை ஒயினைப் பெரிதாகத் தொடவில்லை, கனமான சிவப்பைத்தான் பிடித்தது. காரணம் பின்னால் வந்த வேதியியலில்தான் தெளிவானது. சில பாக்டீரியாக்கள் ஒயினில் இருக்கும் கிளிசராலை உடைத்து ஒரு பொருளை உருவாக்குகின்றன. அது டானின் வகைப் பொருள்களோடு சேரும்போது கசப்பாகிறது. எது அந்த ஒயினுக்குக் கனம் கொடுத்ததோ, அதுவே கெடும்போது கசப்பையும் கொடுத்தது.

சரி, எப்படித் தடுப்பது? கொதிக்க வைத்தால் ஆல்கஹாலும் மணமும் போய்விடும். ரசாயனங்களைக் கலந்து பார்த்தார், திருப்தி இல்லை. காற்றுப் படாமல் அடைத்த புட்டியை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கொஞ்ச நேரம் சூடாக்கினால் போதும் என்று கண்டார். 1865 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். அதில் காசு பார்க்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்.

ஒயின்காரர்கள் சும்மா விடவில்லை. சூடாக்கினால் ருசி போய்விடும் என்றார்கள். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களை வைத்து, எது சூடாக்கியது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் பிடிபடவில்லை. கடற்படையும் சோதித்தது. மாதக்கணக்கில் கடலில் இருந்து திரும்பியபோது சூடாக்கிய ஒயின் நன்றாக இருந்தது, சூடாக்காதது புளித்திருந்தது.

இன்னொன்றையும் அதே கையோடு பார்த்தார். ஒயினைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, சிலதை முழுக்க நிரப்பி, சிலதில் பாதி காற்று விட்டு மூடினார். முழுக் குழாய்களில் நிறம் அப்படியே இருந்தது. பாதிக் குழாய்களில் சிவப்பு மங்கி அடியில் படிவு தட்டியது. காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் ஒயினுக்கு வயதைக் கூட்டுகிறது. மரப் பீப்பாயில் துளித்துளியாகப் போனால் துவர்ப்பு மென்மையாகிப் பக்குவம் வரும், மொத்தமாகப் போனால் பாழாகும். கனமான சிவப்பு ஒயினை ஏன் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு முதல்முறையாகச் சோதனையோடு ஒரு பதில் கிடைத்தது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால் மனசு கனத்துவிடும். 1865 ஜூனில் அப்பா இறந்தார். அதே செப்டம்பரில் 2 வயது மகள் கமில். 1866 மே மாதம் 12 வயது செசில், மறுபடியும் டைபாய்டு. ஐந்து குழந்தைகளில் மூன்று போய்விட்டன. ஒயின் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது அந்த 1866ல்தான். டைபாய்டுக்குக் காரணமான கிருமியை 1880ல்தான் ஒருவர் பார்த்தார்.

அந்தச் சூடாக்கும் முறை நல்ல ஒயினில் நிலைக்கவில்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. இன்று ஒயின்காரர்கள் பெரும்பாலும் சல்பைட்டையும் வடிகட்டுதலையும் நம்புகிறார்கள். பியர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாலுக்கு இதைச் செய்யலாம் என்று ஜெர்மனியின் ஃபிரான்ஸ் சாக்ஸ்லெட் சொன்னது 1886ல். பெயர் அப்படித்தான் பால் பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒயின் உடம்புக்கு நல்லது என்றே பாஸ்டர் நம்பினார். குடிதண்ணீரிலேயே டைபாய்டும் காலராவும் வந்த காலத்தில் அப்படி நினைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைய நிலை வேறு: பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பஞ்சு சுற்றிய திராட்சைக் கொத்து

1868 அக்டோபரில் பக்கவாதம். 45 வயதில் இடது பக்கம் விழுந்தது. முழுமையாகத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகும் பட்டுப்புழு நோய் ஆய்வை முடித்தார், பியரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஆனால் அவரை உலுக்கிய விஷயம் 1878ல் வந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரான்ஸின் மிகப் பெரிய உடலியல் விஞ்ஞானி கிளாட் பெர்னார் இறந்தார். பாஸ்டருக்கு நண்பர். ஜூலையில், அவர் மேசையில் கிடைத்த குறிப்புகளை வேதியியலாளர் பெர்தெலோ அச்சிட்டார். அதில், பழுத்த திராட்சையில் ஈஸ்ட் இல்லாமலே ஆல்கஹால் உண்டாகும் என்ற யோசனை இருந்தது. 20 வருட வேலைக்கே வேட்டு. எழுதியவரோ உயிரோடு இல்லை. செத்துப்போன நண்பரோடு எப்படி வாதம் செய்வது?

வாதத்துக்குப் பதில் கண்ணாடி வாங்கினார். ஆர்புவாவுக்குப் பக்கத்தில் ரோசியேர் என்ற இடத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகஸ்ட் மாதம், காய்கள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, சில கொடிகளின் மேல் அவசர அவசரமாகக் கண்ணாடி வீடுகளை எழுப்பினார். அந்தப் பருவத்தில் காய் மேல் ஈஸ்ட் இருக்காது என்று முந்தைய வேலையில் இருந்து அவருக்குத் தெரியும். உள்ளே சில கொத்துகளுக்குப் பஞ்சும் சுற்றினார்.

அக்டோபரில் பழம் பழுத்தது. வெளியே திறந்தவெளியில் இருந்த கொத்தை நசுக்கி வைத்தால் வழக்கம்போலப் பொங்கி ஒயினாக ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் இருந்த கொத்தை நசுக்கி வைத்தால் நாள் கணக்கில் வெறும் சாறாகவே இருந்தது. பிறகு இன்னும் ஒரு படி போனார். கண்ணாடி வீட்டுக் கொத்துகளை எடுத்துப் போய் வெளியே இருந்த கொடிகளில் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் அவையும் நொதிக்கத் தொடங்கின. பஞ்சு சுற்றிய கொத்துகளைக் குலுங்காமல் ரயிலில் பாரிஸுக்குக் கொண்டுபோய் அறிவியல் அகாதெமியின் மேசை மேல் வைத்தார். பயணம் முழுக்க அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததில் மாரிக்கும் பங்கு உண்டு.

பாஸ்டரின் வாழ்க்கையில் வெறிநாய்க்கடி ஊசி அளவுக்கு இந்தச் சோதனையைப் பாடப் புத்தகங்கள் பேசுவதில்லை. ஆனால் அவர் எப்படி யோசித்தார் என்று தெரிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கொடி, ஒரே மண், ஒரே வெயில், நடுவில் ஒரு கண்ணாடி. மண்ணும் வெயிலும் பழத்துக்குச் சர்க்கரையையும் துவர்ப்பையும் கொடுக்கும்; அதை ஒயினாக்க வெளியே இருந்து ஒரு உயிர் வந்தே ஆக வேண்டும்.

அந்த உயிர் எங்கே இருந்து வருகிறது என்ற கதை பிறகும் தொடர்ந்தது. நல்ல பழத்தின் தோலில் ஒயின் ஈஸ்ட் ரொம்பக் குறைவு என்று இப்போது தெரியும். குளிர்காலம் முழுக்க அது குளவிகளின் குடலில் தங்கி, அடுத்த தலைமுறைக் குளவிக்கும் போய், பழுக்கும் காலத்தில் கொத்துக்கு வந்து சேர்கிறது என்று 2012ல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதே ஈஸ்டையே முழுதாக உயிரில்லாமல் அரைத்து, அதன் சாற்றாலும் சர்க்கரையை ஆல்கஹாலாக்க முடியும் என்று 1897ல் எட்வார்ட் புக்னர் நிரூபித்தார். ஆக லீபிக் தரப்பு சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதைப் பார்க்க பாஸ்டர் உயிரோடு இல்லை.

ஆடுகள், நோட்டுப் புத்தகங்கள்

ஒயினுக்கு நோய் வருவது நுண்ணுயிரால் என்றால், ஆட்டுக்கும் மனுஷனுக்கும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? பாஸ்டரை மருத்துவத்துக்குக் கொண்டுபோனது இந்தத் தாவல்தான். வெள்ளகோவில், காங்கயம் பக்கம் செம்மறி வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் ஆந்த்ராக்ஸ், அன்று பிரெஞ்சு ஆட்டு மந்தைகளைக் காலி செய்துகொண்டிருந்தது.

1881 மே மாதம் புய்யி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் பந்தயம் மாதிரி ஒரு சோதனை. 24 செம்மறிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், 24க்குப் போடவில்லை. கூட இரண்டு ஆடுகளும் சில மாடுகளும். பிறகு எல்லாவற்றுக்கும் கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். தடுப்பூசி போடாத செம்மறிகள் அத்தனையும் செத்தன. போட்டவை ஜூன் 2 அன்று நின்று புல் மேய்ந்தன. பாஸ்டர் உலகப் புகழ் பெற்றார்.

ஆனால் இந்த இடத்தில் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. கிருமியை ஆக்சிஜனால் பலவீனமாக்கித் தடுப்பூசி செய்ததாகவே எல்லோரும் நம்பும்படி அவர் விட்டார். உண்மையில் அன்று போட்டது, உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனத்தால் பலவீனமாக்கிய கிருமி. ரசாயன வழியை முதலில் முயன்றவர் துசேன் என்ற கால்நடை மருத்துவர், பாஸ்டருக்குப் போட்டியாளர். தன் ஆய்வு நோட்டுப் புத்தகங்களை வெளியே காட்டக் கூடாது என்று பாஸ்டர் குடும்பத்திடம் சொல்லி வைத்திருந்தார். 1970களில்தான் ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்க முடிந்தது. 1995ல் வரலாற்றாய்வாளர் ஜெரால்ட் கைசன் அவற்றை வைத்து எழுதிய புத்தகம் இந்த ஒளிவுமறைவுகளை விரிவாகப் பேசியது. கைசன் ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டார் என்று எதிர்த்தவர்களும் உண்டு. ஆனால் நோட்டில் இருந்ததும் மேடையில் சொன்னதும் ஒன்றில்லை என்பதை யாரும் மறுக்கவில்லை.

திராட்சைக் கொத்தைக் கையோடு கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் வைத்தவரும் இவர்தான். மூன்று வருடம் கழித்து ஊசியில் இருந்தது என்ன என்பதை மறைத்தவரும் இவர்தான்.

குன்னூர் வரை

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்த 9 வயது ஜோசப் மைஸ்டரை அல்சாஸில் இருந்து அவன் அம்மா அழைத்து வந்தார். பாஸ்டர் டாக்டர் இல்லை, சட்டப்படி ஊசி போட முடியாது. கிராஞ்சே என்ற மருத்துவர் போட்டார். பத்து நாட்களில் 13 ஊசிகள். பையன் பிழைத்தான். அந்த முறையை அதே வடிவத்தில் நாய்களில் முழுமையாகச் சோதித்து முடிக்கும் முன்பே சிறுவனுக்குப் போட்டார் என்பதும் அந்த நோட்டுகளில் இருந்து தெரிய வந்த விஷயம். போடாமல் விட்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாததல்ல. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது இன்றும் அபூர்வம்.

உலகம் முழுவதும் இருந்து பணம் குவிந்து, 1888 நவம்பரில் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் முதலாவது 1900ல் கசௌலியில். தென்னிந்தியாவில் நாய் கடித்தவர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902ல் ஒரு இளம் ஆங்கிலேயப் பெண் அப்படி இறந்த பிறகு கோரிக்கை வலுத்தது. அமெரிக்கக் கொடையாளி ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நிதியின் ஒரு பகுதியில், 1907 ஏப்ரலில் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் அதே குன்னூர்தான். பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் நாய்க்கடி ஊசிக்கு அதுதான் ஆதாரம்.

தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதாக வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் விவசாயிகள் சமீப வருடங்களில் சாலைக்கு வந்து போராடினார்கள். அங்கே நாய் கடித்துவிட்டது என்று அரசு மருத்துவமனைக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் ஊசியின் தயாரிப்பு முறை பாஸ்டர் காலத்தில் இருந்து முற்றிலும் மாறிவிட்டது. கடித்த பிறகும் நோய் முற்றும் முன் உடலைத் தயார்படுத்தலாம் என்ற யோசனை மட்டும் அவருடையது.

புகழ் எவ்வளவு வந்தாலும், முடிகிற கோடையிலெல்லாம் அவர் ஆர்புவா வீட்டுக்குப் போய்விடுவார். அப்பாவின் பழைய வீட்டை வாங்கிப் பெரிதாக்கி, மாடியில் ஒரு சின்ன ஆய்வகமும் வைத்திருந்தார். 1895 கோடையில் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 28ல் பாரிஸுக்கு வெளியே, வில்நெவ்-லெத்தாங்கில் இறந்தார். உடல் பாஸ்டர் நிறுவனத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

அப்போது ஜூராவின் தோட்டங்களை ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி அரித்துக்கொண்டிருந்தது. 19ம் நூற்றாண்டில் சுமார் 20,000 ஹெக்டேர் இருந்த ஜூரா திராட்சைப் பரப்பு இன்று சுமார் 2,000 ஹெக்டேர்தான். 1936ல் பிரான்ஸ் ஒயின்களுக்கு ஊர்ப்பெயர்ச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கத் தொடங்கியபோது முதல் வரிசையில் இடம்பிடித்த ஊர்களில் ஆர்புவாவும் ஒன்று. ரோசியேர் தோட்டத்தில் இன்றும் திராட்சை விளைகிறது. குய்சான்ஸ் கரையில் இருக்கும் வீடு அருங்காட்சியகம்.